ஏழாவது புள்ளி

மடியில் இருந்த கணினித் திரையில் ஏழாவது புள்ளி மெல்ல நகர்ந்தது. ததலா அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"பொழைச்சுட்டா. மாத்திரை போட்ட ரெண்டாம் நாளே எழுந்து நடக்குறா."

ஜீப்பை ஓட்டிக்கொண்டே கோண்ட்வே எட்டிப் பார்த்தார். "எனக்குப் புள்ளிதான் தெரியுது, மேடம். பிள்ளை தெரியலை."

மலாவி ஏரிக்கரைக் கிராமங்களில் ஃப்ளூ எப்படிப் பரவுகிறது, மருந்துக்கு அடங்குகிறதா என்று கணக்குப் போடுவது ததலாவின் வேலை. எல்லார் கழுத்திலும் கயிற்றில் தொங்கும் தீப்பெட்டி அளவுக் கருவி. யார் யாரோடு நெருங்கினார்கள் என்பது செல்போன் கோபுரம் வழியாக அவளுக்கு வந்துவிடும். கழற்றிக் கீழே வைக்கவே கூடாது என்று அவளே வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். மழையில் பாலம் போனதிலிருந்து இரண்டு வாரமாக யாரும் நேரில் போக முடியவில்லை, வந்ததெல்லாம் புள்ளிகள்தான். இன்றுதான் வழி திறந்திருந்தது.

இப்போது போய்க்கொண்டிருந்த ஊரில் மாத்திரை விழுங்கியவர்கள் ஏழு பேர். ஆறு பேர் தள்ளாத வயதுக்காரர்கள், படுத்தவர்கள் எழவில்லை. அவர்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆறு வயது அலினாஃபே எழுந்துவிட்டாள் என்றால் மருந்து கேட்கிறது. மாவட்டம் முழுக்க அதையே கொடுக்கலாம். இல்லையென்றால் வேறு மருந்து தேட வேண்டும். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஒண்ணுதான் இடிக்குது" என்றாள் ததலா. "வேற எந்தப் பிள்ளை பக்கத்துலயும் போகலை. நாள் முழுக்க அம்மாவோடயே இருக்கா."

"காய்ச்சல்ல கிடந்த பிள்ளை. அம்மா துணியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் திரியும். உங்க கணக்குல அதெல்லாம் வராதா?"

ததலா சிரித்தாள்.

அலினாஃபேயின் அம்மா மூங்கில் தட்டியில் பொடிமீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை.

"நல்லா இருக்கீங்களாம்மா? பிள்ளை எங்க?"

அவள் மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள்.

"ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன். அவளை வச்சுத்தான் இந்த மருந்தை எல்லாருக்கும் குடுக்கப் போறோம்."

அவள் நிமிர்ந்தாள். கழுத்தில் இரண்டு கயிறுகள் தொங்கின.

"கழட்டிக் கீழ வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே. பிள்ளையைப் புதைச்ச அன்னிலேருந்து அவளோடதையும் நான்தான் போட்டிருக்கேன்."