படத்துக்குள் எழுத்து

"கூலிங் கிளாஸ் இல்லாத போட்டோ ஒண்ணு கூட இல்லியா அண்ணாத்த? மொகம் தெரிஞ்சாத்தானே ஜனங்க அடையாளம் கண்டுபிடிப்பாங்க?" என்றான் விஷால்.

"இல்லப்பா. எல்லாத்துலயும் அப்டித்தான் நிப்பான்" என்றார் தேவசகாயம்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே விஷாலின் கம்ப்யூட்டர் கடை. தேவசகாயம் திருவிடந்தையிலிருந்து வந்திருந்தார். அவர் மகன் ஆல்வின் போன மாதம் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனவன், திரும்பவில்லை. போலீசில் சொல்லியாயிற்று. இப்போது இணையத்தில் அவனுக்காக ஒரு பக்கம்.

விஷால் திரையைத் திருப்பிக் காட்டினான். மாமல்லபுரம் கடற்கரையில் ஆல்வின் சிரித்தான். மேலே சிவப்பில் ‘காணவில்லை’, கீழே போன் நம்பர். எல்லாம் சேர்ந்து ஒரே படம்.

"நெட்ல ஃப்ரீயா ஒரு செக்கிங் டூல் கீதுப்பா. கண்ணு தெரியாதவங்களுக்கு இந்தப் பக்கம் ஒத்து வருமான்னு சொல்லும். போட்டுப் பாரு" என்றார் தேவசகாயம்.

"இதெல்லாம் உனக்கு எப்டி தெரியும்?"

"ஆல்வினுக்கு அதான் வேல. கம்பெனிங்களோட வெப்சைட்ட செக் பண்ணிக் குடுப்பான்."

விஷால் போட்டுப் பார்த்தான். சிவப்பில் வந்து நின்றது: படத்துக்கு விளக்கம் இல்லை.

"படத்துக்குள்ள எழுதினா, கண்ணு தெரியாதவங்களுக்குப் போனு சத்தமா படிச்சுக் காட்டாது. தனியா டைப் அடி" என்றார் தேவசகாயம். ஆட்டோக்காரருக்கு வழி சொல்வதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். "யாருக்கும் கோவம் இல்ல. அம்மா ஒயுங்கா சாப்புடறதில்ல. வூட்டுக்கு வா. நம்பரையும் போடு."

விஷால் அடித்தான். மறுபடி சோதித்தான். நம்பரின் நிறம் பின்னணியோடு மங்குகிறது என்று இன்னொரு சிவப்பு. அதையும் மாற்றச் சொன்னார்.

விஷாலுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா அண்ணாத்த பேஜாரு பண்ற! கண்ணு தெரியாதவங்களா உம் புள்ளையத் தேடிக் கண்டுபிடிக்கப் போறாங்க?"

தேவசகாயம் கோபப்படவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க தேட வேணாம்பா. இத எம் புள்ள படிக்கணும்."

விஷால் படத்திலிருந்த கூலிங் கிளாஸைப் பார்த்தான்.

"அவனுக்குக் கண்ணு தெரியாது."