வெள்ளைக் கோடு

"இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் பெயின்ட் அடிச்சிட்டு வேலை முடிஞ்சிதுன்றாங்க!"

திருவொற்றியூரில் சைக்கிள் பாதைக்குக் கோடு போட வந்த இன்ஜினியர் ரேகாவிடம் எகிறினார் ஜஹாங்கீர் பாய்.

"முட்டி உயரத்துக்கு சுவர் கட்டும்மா. கோட்டைப் பாத்து கண்டெய்னர் லாரி நிக்குமா?"

"நடைபாதை, பஸ் ஸ்டாப் எல்லாம் வருது பாய். சுவருக்கு இடமில்ல. டிரைவருங்க கோட்டை மதிப்பாங்க."

"மதிச்சு கிழிச்சாங்க! இங்கதான் தேசப்பன்னு ஒருத்தன் சைக்கிள்ல வேலைக்குப் போவச்சொல்ல செத்தான். அப்பவும் ஓரத்துல கோடு இருந்துச்சு."

ரேகாவின் குரல் தணிந்தது. "உங்களுக்கு வேண்டியவரா?"

"அதுக்கு மின்ன மூஞ்சியக்கூட பாத்ததில்ல. லாரி ஓட்டிகினு வந்தவன் நான்தாம்மா. கோடு நல்லாத்தான் தெரிஞ்சிது. வண்டி நிக்கல."

"சுவர் வேணும்னு மேலதிகாரிக்கு எழுதறேன் பாய்" என்றாள் ரேகா.

"எழுதுவ, எழுதுவ."

பாய் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால் பெயின்ட் வண்டி கோடு போடக் கிளம்பும் சத்தம் கேட்டது.