தாம்பூலப் பை

புற்று வந்த கர்ப்பப்பையை எடுத்தபின் மரகதவல்லி அன்றுதான் எழுந்து நடந்தாள். நைட்டிக்குள்ளிருந்து நீண்ட குழாயின் முனையில் மூத்திரப் பை. யாரும் பார்க்காதபடி அதை ஒரு துணிப்பைக்குள் போட்டுத் தூக்கியபடி, கூடவே ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தான் கணவன் வேலாயுதம். எதிரே பழத்தோடு வந்த அவன் அக்கா நலம் விசாரிக்கவில்லை. பையைத்தான் பார்த்தாள்.

"ஏன்டா, இது என் மவ கல்யாணத்துத் தாம்பூலப் பையில்ல? மங்கலமான பையில போயா மூத்திரத்த வப்ப?"

மரகதவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கல்யாணத்தில் அடிவயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே பந்தி பந்தியாய்ப் பரிமாறியவள் அவள். வேலாயுதத்துக்குக் காதெல்லாம் சுட்டது. மூத்திரப் பையை வெளியே எடுத்தான். துணிப்பையைச் சுருட்டி அக்காவின் பழங்கள் மேல் எறிந்தான்.

"இந்தா, ஒன் மங்கலத்த நீயே வச்சுக்க!"

ஆத்திரத்தில் மூத்திரப் பை தோள் வரை உயர்ந்துவிட்டது.

"இடுப்புக்குக் கீழ புடிங்க," என்றாள் மரகதவல்லி. "தூக்குனா திரும்ப உள்ள போயிரும்னு நர்சு சொன்னாங்கல்ல."

கையை இறக்கினான். பிறகு வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"தள்ளி நில்லுங்க எல்லாரும்! என் பொண்டாட்டி நடந்து வர்றா!"