ஆடாத கை

மாலை வெயில் கண்ணாடி ஜன்னல் வழியாக வந்து பிரபாவின் கணினித் திரையில் பாதியை வெளிறடிக்கிறது. மீதிப் பாதியில் ஒரு தண்ணீர் பம்ப், போல்ட் போல்ட்டாகக் கழன்றபடி நிற்கிறது. ஃபிட்டர்கள் பார்த்துப் பழக வேண்டிய இந்த அனிமேஷன் இன்றைக்கே வாடிக்கையாளருக்குப் போயாக வேண்டும். காலையிலிருந்து எடுத்ததெல்லாம் பாழ். பதிவு ஓடும்போது திரையில் பம்பைத் திருப்பினால் அந்தத் திருப்பலும் சேர்ந்தே பதிவாகும் என்று மேனேஜர் கஸ்தூரிரங்கனிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. அவருக்கோ மவுஸைக் கண்டால் கை அரிக்கும். ஒவ்வொரு வீடியோவிலும் பம்ப் நட்டநடுவில் குண்டும் குழியுமான ஈஜிபுரா ரோட்டில் போகும் ஆட்டோ மாதிரி குலுங்கித் திரும்பி, இடது பக்கத்து போல்ட் வலது பக்கம் போய்விடுகிறது. "ஸ்வல்ப தள்ளிக்கோம்மா, நானே பண்ணிக் காட்டறேன்," என்று கன்னடம் கலந்து சொல்லியபடி இப்போதும் வந்து நிற்கிறார். பிரபா கேமராக் கோணம் பதிவாவதை மட்டும் ஒரே கிளிக்கில் நிறுத்திவிட்டு நாற்காலியை அவருக்கு விடுகிறாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து மவுஸை உருட்டி போல்ட்டுகளைக் கழற்றுகிறார். திரையில் பம்ப் அவர் இஷ்டத்துக்குச் சுற்றுகிறது. பதிவில் அந்தச் சுற்றல் எதுவும் ஏறவில்லை. பொம்மை ஸ்டியரிங்கைத் திருப்பும் குழந்தையைப் பார்ப்பதுபோல் பிரபா காபியை உறிஞ்சிக்கொண்டே பார்க்கிறாள். பிறகு வீடியோவை ஓட்டுகிறாள். பம்ப் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்தில் இருக்க, போல்ட்டுகள் மட்டும் ஒழுங்காகக் கழல்கின்றன. கஸ்தூரிரங்கன் தன் வலது கையை வெளிச்சத்தில் நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்துக்கொள்கிறார். "பாத்தியா, கை ஆடக் கூடாதும்மா. அவ்ளோதான் விஷயம்."

"ஆமா சார்," என்கிறாள் பிரபா.