தொண்ணூற்று நாலாவது ஆள்

"சனிக்கிழமை காலையில நீங்க வீட்ல இருக்கக் கூடாது ஐயா."

தையலம்மா வாசலில் நின்றபடியே சொன்னாள். உள்ளே போய் உட்கார்ந்தால் மனசு இளகிவிடும் என்று அவளுக்கே தெரியும்.

ஏழாம் மாடியில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு பஸ் டிரைவர், வீங்கிய முழங்காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, என் வீட்டை சினிமா எடுக்க வாடகைக்கு விட்டுட்டியா?"

அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்குத் தீ ஒத்திகை. மணி அடிச்சு பத்து நிமிஷத்துக்குள்ள, கட்டிடத்துல இருக்கிற எல்லாரும் கீழ வந்துடணும். வந்துட்டா கட்டிடத்தைப் பழுது பார்த்துத் தர்றோம்னு வீட்டு வசதி வாரியத்துல எழுதிக் குடுத்திருக்காங்க. இல்லேன்னா, தீ ஆபத்துன்னு காரணம் காட்டி நம்மளைக் காலி பண்ண வச்சு இடிச்சுடுவாங்க. புதுசா கட்டுற வீட்டோட வாடகையை நம்மள்ல யாரால குடுக்க முடியும், சொல்லுங்க."

டிரைவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். லிஃப்ட் நின்று எட்டு மாதம். அவர் கீழே இறங்கியும் எட்டு மாதம். மளிகையையும் மருந்தையும் ஆளாளுக்கு மேலே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.

"வெளிய போனவங்களைக் கணக்குல சேர்க்க மாட்டாங்களாம்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"புரியுதும்மா. நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன். காலையிலேயே கிளம்பிடறேன். போதுமா?"

அவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டது தையலம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்றால் சும்மாவா? படிக்கட்டில் வழியை அடைத்துக் கிடந்த சைக்கிள், செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி, உடைந்த கட்டில் எல்லாவற்றையும் மூன்று வாரமாக அவளே முன்னால் நின்று அப்புறப்படுத்தியிருந்தாள். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டுகள் கொஞ்சநஞ்சமில்லை. பெற்ற மகளே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவள் பூந்தொட்டியும் போயிருந்ததால்.

சனிக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு அபாய மணி அலறியது.

தையலம்மா மேல்மாடியில் தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே இறங்கினாள். "ஓடாதீங்க. சுவர் ஓரமா வாங்க. குழந்தையைக் கையில பிடிங்க. மாமி, டிவியை அப்புறம் நிறுத்திக்கலாம், இறங்குங்க." ஏழாம் மாடியில் டிரைவர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அதைப் பார்க்காதது போல் தாண்டி வந்தாள்.

கடைசி ஆளையும் தள்ளாத குறையாக முற்றத்துக்குக் கொண்டுவந்தபோது எட்டரை நிமிஷம்தான் ஆகியிருந்தது. சங்கத் தலைவரான சலூன்காரர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்போதுதான் பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு துணிப்பையோடு.

"நீங்க பொண்ணு வீட்டுக்குப் போகலையா?"

"போகத்தாம்மா கிளம்பினேன். விடிகாலை அஞ்சு மணிக்குக் கதவைப் பூட்டினேன். நின்னு இறங்க முடியல. உக்காந்து உக்காந்து ஒவ்வொரு படியா வந்தேன். கீழ வந்து சேரும்போது மணி ஏழு இருபது." அவர் சிரித்தார். "நாப்பது வருஷ சர்வீஸ்ல வண்டியை இவ்வளவு லேட்டா கொண்டுவந்ததே இல்ல. அதுக்கு மேல பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கத் தெம்பில்ல. இங்கேயே உக்காந்துட்டேன். ஆனா ஒத்திகைக்கு முன்னாடியே வந்துட்டேன்மா, உனக்குத் தொந்தரவு இருக்காது."

அவருடைய உள்ளங்கைகள் இரண்டும் உரிந்து சிவந்திருந்தன.

தையலம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. லிஃப்ட்டைப் பற்றி இருபது மனு எழுதியிருக்கிறாள். அந்த இருபதிலும் இவரைப் பற்றி ஒரு வரி உண்டு. ஒரு நெருப்பு என்றால் இவர் எப்படி இறங்குவார் என்று இவரிடம் ஒரு நாள் கேட்டதில்லை.

"மொத்தம் தொண்ணூத்தி நாலு பேர். நான் எண்ணிட்டேன்" என்றார் தீயணைப்பு அதிகாரி, கையில் ஓடும் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தபடி. "லிஸ்ட்டுல இருக்கிற அத்தனை பேரும் இங்க நிக்கறாங்க. ஆனா செயலாளர் வாயால சொல்லணும், அதுதான் விதி. எல்லாரும் இறங்கியாச்சா?"

அவள் டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா" என்றார் சலூன்காரர். "ஒன்பது நிமிஷம் தாண்டிடுச்சு."

"ஒருத்தர் குறையறாருண்ணே."

சலூன்காரர் அவள் பார்வை போன பெஞ்சைப் பார்த்தார். புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? தொண்ணூத்தி நாலு பேர் வீடும்மா. உன் வீடும்தான்."

"வீட்டுக்கு இன்னொரு தடவை சண்டை போடலாம்ணே. நான் போடறேன்."

"அம்மா, நேரம் ஓடிட்டிருக்கு" என்றார் அதிகாரி. அவர் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. "நிறுத்திடலாமா?"

தையலம்மா போய் டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய உரிந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க சார். ஏழாம் மாடி டிரைவர் இன்னும் இறங்கிட்டிருக்காரு. அவர் வந்து சேர ரெண்டு மணி இருபது நிமிஷம் ஆகும்."