பக்கத்து நிலத்துக்காரரின் ஆட்சேபணை

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சர்ச்சுக்குப் புதிதாகக் கட்டப்போகும் ஹாலின் பிளானைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டி, ஆட்சேபணை உள்ளவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து நெல் வயலின் சொந்தக்காரர் அரசப்பன்தான் முதலில் எழுந்தார்.

“மேடைக்கு முன்னால இன்னாத்துக்கு தூணு? பின்னால குந்திக்கினு இருக்கறவனுக்கு இன்னா தெரியும்?”

சர்ச் சபையின் செயலாளர் தானியேலின் முகம் கடுகடுத்தது. பிளான் வரைந்த அவர் மகன் எபினேசரோ, “எடுத்துடலாங்க” என்று பென்சிலால் குறித்துக்கொண்டான்.

“சாப்பாட்டு ரூமு பத்தாது. ஒரு பந்திக்கு முந்நூறு பேராச்சும் உக்காரணும். மேடைக்குப் பக்கத்துல பொம்பளைங்க துணி மாத்த ஒரு ரூமு வேணும்.”

“போட்டுடலாங்க.”

“டேய், நீ யாரு பக்கம்டா?” என்று மகனை அதட்டிவிட்டு, தானியேல் அரசப்பனிடம் திரும்பினார்.

“நாங்க ஹால் கட்றதே உங்களுக்குப் புடிக்கல. அதான் நொட்டை சொல்லிக்கினு கீறீங்க. உங்க ஊட்டு ஆளுங்க யாரும் இதுல காலு வைக்கப் போறதில்ல. உங்களுக்கு இன்னா பேஜாரு?”

“யாரு சொன்னது? கட்டி முடிச்சா எம் பொண்ணு நந்தினி கல்யாண ரிசப்ஷனே இங்கதான்.”

“எங்க ஹால்லயா? யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?”

எபினேசரின் பென்சில் அப்படியே நின்றது.

அரசப்பன் அவனைப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, சம்மந்திகிட்ட நீ இன்னும் சொல்லலியா?”