நகரும் படியில் ஒரு தம்பதி

அவர் அந்தப் படத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

அவள் இரண்டு தரம் முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். ம்ஹூம்.

மற்றப் படங்களையெல்லாம் விறுவிறுவென்று தாண்டி வந்தவர்தான். இந்த டவர்ஸ் கட்டடம் எழும்புவதற்கு முன் அங்கே இருந்த குதிரை லாயம். அஸ்திவாரப் பள்ளத்தில் ஊறி நின்ற தண்ணீர். சாரத்துக்கு நடுவே பத்தாவது மாடி. பிறகு பாதிக் கடைகள் சாத்திக் கிடந்த வருஷங்கள். புது முதலாளி வந்து கட்டடம் முழுக்கக் கண்ணாடி போர்த்தியது.

டவர்ஸுக்கு நாற்பது வயதாம். அதற்காகக் கீழ்த்தளத்தில், வாட்ச் கடைக்கும் சென்ட் கடைக்கும் நடுவில், அதன் கதையைப் படம் படமாக மாட்டியிருந்தார்கள். மேலே ஆபீஸ்களில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களுக்கும் அழைப்பு வந்திருந்தது. அவர் ஒன்பதாம் மாடியில் குமாஸ்தா. கீழே விற்ற எதையும் மேலே இருந்தவர்கள் வாங்கியதில்லை. லிஃப்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

இந்தப் படம் திறப்பு விழா அன்று எடுத்தது.

கறுப்பு வெள்ளை. எஸ்கலேட்டரின் முதல் படியில் ஓர் இளம்பெண். பட்டுப்புடவை. கண்ணை இறுக மூடியிருக்கிறாள். கோட்டும் டையுமாக, மாப்பிள்ளை மாதிரி ஒருத்தன் அவள் கையைப் பிடித்திருக்கிறான்.

பெண், அவள்தான்.

ஆள், அவர் இல்லை.

கீழே அச்சடித்திருந்தது: 'திறப்பு விழா நாள். நகரும் படியில் ஓர் இளம் தம்பதி.'

"யாருடி இவன்?"

"கை புடிச்சு ஏத்தி விடுறதுக்குன்னு ஒரு ஆளை நிறுத்தியிருந்தாங்களே, அவன்தாங்க."

அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டார். இந்த வயதில் என்ன பொறாமை வேண்டிக் கிடக்கிறது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

பிறகுதான் படத்தின் ஓரத்தைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

இடது ஓரத்தில் ஒரு கை. ஆள் இல்லை, கை மட்டும். மணிக்கட்டில் வாட்ச். அதன் முகம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. இன்றைக்கும் அவர் அப்படித்தான் கட்டுவார்.

அந்தக் கையில் ஒரு ஜோடி லேடீஸ் செருப்பு.

அன்றைக்கு ஆபீஸ் முழுக்க ஒரே வதந்தி. அந்தப் படிக்குப் பல் இருக்கிறதாம். செருப்பைக் கவ்வினால் காலையும் சேர்த்து இழுத்துவிடுமாம். அவர்களுக்குக் கல்யாணமான புதுசு. "கழட்டி என் கையில குடு" என்று அவர்தான் வாங்கிக்கொண்டார். அவள் ஏறிவிட்டாள். அவருக்குக் கால் எழவில்லை. பெண்டாட்டி செருப்பைப் பிடித்துக்கொண்டு அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நின்றார். அப்புறம் அதைப் பேப்பரில் சுற்றி, மாடிப்படி வழியாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

வீட்டில் சொல்லும் கதை வேறு. அவர் டக்கென்று ஏறிவிட்டார், அவள்தான் கீழே நின்று அழுதாள். பிள்ளைகளுக்கு அப்படித்தான் தெரியும். சம்பந்தி வீட்டுக்கும் அப்படித்தான். அவர் சொல்லும்போதெல்லாம் அவளும் தலையாட்டுவாள். போகட்டும், ஆம்பிளைக்கு ஒரு கௌரவம்.

ஆனால் அவளுக்குப் பிடித்தது நடந்த கதைதான்.

அவளுடைய அப்பா, அம்மாவின் செருப்பைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. இவர் தொட்டார். அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை வருஷமும் ஆசை. சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். சொன்னதில்லை.

இப்போது அது சுவரில் தொங்குகிறது.

"வாங்க, அந்தப் பக்கம் காபி குடுக்கறாங்க."

அவர் கையை நீட்டி அந்த ஓரத்தைத் தொட்டார்.

பார்த்துவிட்டார்.

படங்களை மாட்டி வைத்த பெண், கழுத்தில் அட்டை ஆட ஓடி வந்தாள். "தொடாதீங்க அங்கிள்."

"இதுல தப்பாப் போட்டிருக்கும்மா. இவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி இல்ல."

குரல் உயர்ந்துவிட்டது. பழைய ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவள் மறுபடி அவர் முழங்கையைத் தொட்டாள். இதோடு நிறுத்திக்கொண்டால் கௌரவம் தப்பிக்கும்.

அவர் நிறுத்தவில்லை.

"இது என் சம்சாரம். இங்க ஓரமா ஒரு கை தெரியுது பாரு, செருப்பைப் புடிச்சிக்கிட்டு. அது நான்."

ஒருவர் பெரிதாகச் சிரித்தார். ஒன்பதாம் மாடியில் பக்கத்து மேஜை அவருக்கு. "யோவ் கோதண்டம், நீதான்யா மொத ஆளா ஏறினேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

"ஏறல," என்றார் அவர். "பயம். இவதான் ஏறினா."

சிரித்தவர் குனிந்து அந்தக் கையை உற்றுப் பார்த்தார்.

அந்தப் பெண் போனை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தயாரானாள். "சாரி அங்கிள், மாத்திடறேன். பேரு சொல்லுங்க."

"குமுதவல்லி."

"உங்க பேரு?"

"என் பேரு எதுக்கும்மா? குமுதவல்லி வீட்டுக்காரர்னு போடு. போதும்."

அவளால் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.